பினாங்குக் கடலில் திமிங்கலம், டால்பின் பதிவுச் செயலி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்குத் தீவைச் சுற்றியுள்ள கடலிலும், தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஓடும் நீரிணையிலும் மூன்று வகைக் கடல் பாலூட்டிகள் வாழ்கின்றன. பிறக்கும்போது சாம்பல் நிறமாக இருந்து வளர வளர வெளிறிய இளஞ்சிவப்புக்கு மாறும் கூன்முதுகு டால்பின் ஒன்று. உருண்டைத் தலையும் மழுங்கிய சின்னத் துடுப்பும் கொண்ட ஐராவதி டால்பின் இன்னொன்று. மூன்றாவது, முதுகுத் துடுப்பே இல்லாத சிறிய கடற்பன்றி. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஐராவதி டால்பின் அழியும் ஆபத்தில் உள்ள இனம்; மற்ற இரண்டும் அதற்கு ஒரு படி கீழே, எளிதில் பாதிக்கப்படக்கூடியவை. பெரிய திமிங்கலங்கள் இந்தப் பக்கம் அபூர்வம். வடக்கே லங்காவிக் கடலில் பிரைடு திமிங்கலம் தென்பட்ட பதிவுகள் உண்டு.

இந்த உயிர்கள் கரையோரத்தை விட்டு அதிகம் விலகுவதில்லை. மீன்வலை, படகுப் போக்குவரத்து, கப்பல் இரைச்சல், கடலை மண் போட்டு மேடாக்கும் வேலை என்று மனிதன் செய்வதெல்லாம் அந்தக் கரையோரத்தில்தான் நடக்கிறது. எந்த இடத்தில் எந்தக் காலத்தில் அவை நடமாடுகின்றன என்ற தகவல் இல்லாமல், அவற்றுக்காகப் பேச உட்கார்ந்தால் கையில் ஒன்றும் இருக்காது. மலேசியாவில் கடல் பாலூட்டிகளுக்கென்றே இயங்கும் மரேசெட் அமைப்பு 2012இல் தொடங்கப்பட்டது. லங்காவியிலும் பேராக்கின் மாத்தாங் கடலிலும் பல ஆண்டுகளாக ஆய்வு செய்து வருகிறது. ஆனால் ஆய்வுப் படகு தினமும் கடலுக்குப் போக முடியாது. எண்ணெய்ச் செலவு, ஆள், வானிலை எல்லாம் கூடி வர வேண்டும்.

2023 ஆகஸ்டில் புதிய ஃபெரிகள் ஓடத் தொடங்கிய பிறகு, எங்கள் வட்டாரப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் "டால்பின் பார்த்தோம்" என்று படங்கள் வந்துகொண்டே இருந்தன. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மென்பொருள் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், "இதெல்லாம் படம் படமா வந்து கரைஞ்சு போகுது. ஒரு செயலி பண்ணலாமே" என்றார். ஆசிரியர்கள், தூண்டில் படகுக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற சிலர் என்று ஒரு குழு சேர்ந்தது. வரும் பதிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. இங்கே யார் பெயரையும் குறிப்பிடவில்லை. இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கும் மற்றக் கடலோர ஊர்க்காரர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் பதிப்பு

முதல் பதிப்பு எளிமையாக இருந்தது. ஒரே பொத்தான். அமுக்கினால் கைப்பேசி இருக்கும் இடமும் நேரமும் பதிவாகும். அப்புறம் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எத்தனை என்று போட வேண்டும், படம் இருந்தால் சேர்க்கலாம். பதிந்த உடனே பொது வரைபடத்தில் ஒரு புள்ளி தோன்றும். தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் நான்கிலும் இருந்ததால் பரவ நேரம் எடுக்கவில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தாத்தா பாட்டியின் கைப்பேசியிலும் போட்டுக் கொடுத்தார்கள்.

பதிவுகளைப் பார்த்தபோது

முதலில் கண்ணில் பட்டது, வரைபடத்தில் டால்பின்கள் தரையில் இருந்ததுதான். கர்னி டிரைவ் நடைபாதையில் நின்று பார்த்தவர் பொத்தானை அமுக்கினால் புள்ளி நடைபாதையில் விழுகிறது. பார்த்தவர் நின்ற இடத்தைத்தான் கைப்பேசி அறியும். உயிர் இருந்த இடத்தை அது எப்படி அறியும்? செயலி ஐந்து தசம இலக்கம் வரை அட்சரேகை போட்டது. அது ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். டால்பினோ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்திருக்கும். கடல்மட்டத்திலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் தொடுவானமே சுமார் ஆறு கிலோமீட்டர் தூரம்தான். அதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

திசைகாட்டியைச் சேர்த்துப் பார்த்தார் அந்த இளைஞர். கைப்பேசியை டால்பின் இருக்கும் பக்கம் நீட்டினால் திசை பதிவாகும். கரையில் நன்றாகவே வேலை செய்தது. ஃபெரியிலும் இரும்புப் படகுகளிலும் முள் கண்டபடி திரும்பியது. சுற்றிலும் இரும்பு இருந்தால் கைப்பேசித் திசைகாட்டி நிலைகொள்ளாது.

நேரத்திலும் சிக்கல் வந்தது. கடலில் பல இடங்களில் லைன் இருக்காது. செயலி பதிவைச் சேமித்து வைத்து, கரைக்கு வந்ததும் அனுப்பியது. ஆனால் சேர்ந்த நேரத்தைத்தான் குறித்தது, பார்த்த நேரத்தை அல்ல. விடியற்காலையில் பார்த்தவை எல்லாம் மதிய நேரத்தில் குவிந்து கிடந்தன. செயலியில் போடத் தெரியாதவர்கள் படத்தைப் புலனத்தில் அனுப்பினார்கள். புலனம் படத்தைச் சுருக்கும்போது அதற்குள் இருக்கும் இடம், நேரம் இரண்டையும் நீக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் மட்டுமே அவை தப்பும். இது பலருக்குத் தெரியாது. அழகான படங்கள் நிறையக் கிடைத்தன; எங்கே, எப்போது என்று கேட்டால் அனுப்பியவருக்கே ஞாபகம் இல்லை.

இவை எல்லாம் திருத்தக்கூடியவை, திருத்தியும் ஆயிற்று. திசைகாட்டியை விட்டுவிட்டு, வரைபடத்தில் விரலால் புள்ளியை நகர்த்தி வைக்கும் முறைக்கு மாறினோம். தூரம் கணிக்கப் பினாங்குப் பாலம் உதவியது. அதன் இரு பெரிய கோபுரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 225 மீட்டர். பாலம் தெரியும் இடத்தில் நிற்பவருக்கு அதுவே அளவுகோல்.

"தெரியாததை எப்படித் தம்பி அமுக்குறது?"

இனத் தேர்வுதான் ஆழமான சிக்கல். பட்டியலில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் பதிவு சேமிக்கப்படாது. 'தெரியவில்லை' என்ற தேர்வே கிடையாது. வைத்தால் எல்லோரும் அதையே அமுக்கிவிடுவார்கள் என்ற பயம்.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருந்தார். ஃபெரியில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பத்து உபான் கரையில், பாலத்தைப் பார்த்தபடி இருக்கும் சிமெண்டுத் திண்ணையில் கோப்பிப் புட்டியோடு உட்கார்ந்திருப்பார். நீரோட்டமும் படகுப் பாதையும் அவருக்குப் பாடம். அப்படிப்பட்டவரிடமிருந்து செயலிக்கு ஒரு பதிவும் வரவில்லை. செயலி எழுதிய இளைஞரும் நானும் போய்க் கேட்டோம்.

"அங்கிள், நீங்க தினமும் பார்க்குறீங்க. ஏன் ஒண்ணும் போடல?"

"பார்த்தேன் தம்பி. தூரத்துல முதுகு தெரிஞ்சுது, உள்ள போயிடுச்சு. இதுல என்ன ஜாதின்னு கேக்குது. தெரியாததை எப்படித் தம்பி அமுக்குறது?"

அவர் சொன்னதன் கனம் பழைய பதிவுகளைத் திரும்பப் பார்த்தபோது புரிந்தது. கடலை அறியாதவர்கள் தயங்காமல் ஏதோ ஒன்றை அமுக்கியிருந்தார்கள். பட்டியலில் முதலில் இருந்த கூன்முதுகு டால்பினுக்கே அதிக வாக்கு. கடலை அறிந்தவர் தயங்கி விலகிவிட்டார். நம்பத்தகுந்த கண்களை வெளியே நிறுத்தும்படி எங்கள் படிவம் அமைந்திருந்தது.

அடுத்த பதிப்பில் 'தெரியவில்லை' முதல் இடத்துக்கு வந்தது. இனத்தின் பெயருக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரிந்ததைக் கேட்டோம்: முதுகில் துடுப்பு இருந்ததா, தலை உருண்டையா நீண்டதா, நிறம் என்ன. துடுப்பே இல்லாத முதுகு என்று ஒருவர் சொன்னால், அது கடற்பன்றியாக இருக்கலாம் என்று சரிபார்ப்பவர் முடிவு செய்து கொள்ளலாம். எல்லோரும் 'தெரியவில்லை' என்றே அமுக்கிவிடுவார்கள் என்ற பயம் நிஜமாகவில்லை. பெரிய முதுகைப் பார்த்துத் திமிங்கலம் என்று பதிந்துவந்தவர்களும், அதன் பிறகு பார்த்ததை மட்டும் எழுதத் தொடங்கினார்கள்.

555 புத்தகம்

அன்றைக்கே பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மளிகைக்கடைக் கணக்கு எழுதும் அதே சின்னப் புத்தகம். உள்ளே பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தார்:

"6.50 – 8.10. தண்ணி தட்டையா இருக்கு. இல்லை."
"7.00 – 8.00. அலை வெள்ளை. இல்லை."
"6.45 – 8.20. மூணு முதுகு, பாலத்துக்குத் தெற்கே, ரெண்டாவது கோபுரத்துக்கு நேரா. ஜெர்ஜாக் பக்கம் போச்சு."
"7.10 – 8.00. மழை வந்துருச்சு. இல்லை."

பக்கம் பக்கமாக 'இல்லை'. ஓர் அடையாளமாக இருக்கட்டும் என்று சில பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, கடல் பாலூட்டி ஆய்வில் இருக்கும் முதுகலை மாணவி ஒருவர் எங்கள் பதிவுகளைப் பார்க்க வந்தார். வரைபடம், படங்கள், அட்டவணை எல்லாவற்றையும் காட்டினோம். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுல எவ்வளவு நேரம் பார்த்தாங்கன்னு எங்க இருக்கு?" என்று கேட்டார். எங்கும் இல்லை. பிறகு அந்தப் புத்தகத்தின் படங்களைக் காட்டினேன். அதை மட்டும் முழுசாகக் கேட்டார்.

அவர் சொன்ன விளக்கத்தை இங்கே விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த முயற்சியின் உயிர்நாடி அதுதான். எங்கள் பதிவுகளில் சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் புள்ளிகள் எகிறின. அந்த நாட்களில் டால்பின் அதிகமாக வந்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள். கரையில் ஆள் அதிகம். கர்னி டிரைவில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன; அங்கே நடப்பவர்கள் அதிகம். தீவின் மேற்குக் கரை வெறுமையாகக் கிடந்தது. அங்கே டால்பின் இல்லையா, பார்க்க ஆள் இல்லையா என்று எங்கள் வரைபடத்தை வைத்துச் சொல்லவே முடியாது. நாளைக்கு ஓர் இடத்தில் புள்ளிகள் குறைந்தால், உயிர்கள் போய்விட்டன என்று பதறுவதா, செயலி சலித்துப்போய் ஆட்கள் விட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வதா? பார்த்த நேரம் தெரிந்தால்தான் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை தென்பட்டன என்று கணக்கிடலாம், இடத்தோடு இடத்தையும் ஆண்டோடு ஆண்டையும் ஒப்பிடலாம். அதற்கு ஒன்றும் தென்படாத நேரமும் கணக்கில் இருக்க வேண்டும். பெரியவரின் புத்தகத்தில் இருந்தது அதுதான். கடல் எப்படி இருந்தது என்பதையும் அவர் எழுதியிருந்தார். வெள்ளை அலை அடிக்கும்போது கடற்பன்றி பக்கத்தில் இருந்தாலும் தெரியாது. அப்போது எழுதிய 'இல்லை'யும் தட்டையான நீரில் எழுதிய 'இல்லை'யும் வேறு வேறு.

யாரும் சொல்லிக் கொடுக்காமல், நேர்மையான கண் ஒன்று இந்த முறையைத் தானாகவே கண்டுகொண்டிருந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதன்படி செயலியின் முதல் திரையே மாறியது. 'பார்க்கத் தொடங்குகிறேன்' என்ற பொத்தான் மேலே வந்தது, முடிக்கும்போது 'முடித்தேன்'. நடுவில் எதுவும் தென்படாவிட்டால் 'இல்லை' என்று பதிவாகும். கடலின் நிலைக்கு மூன்று படங்கள்: தட்டை, சிற்றலை, வெள்ளை அலை. போகிற போக்கில் பார்த்தவர்களுக்கான பழைய பொத்தானையும் கீழே வைத்தோம், ஆனால் அந்தப் பதிவுகள் தனித் தொகுப்பில் போகும்.

குட்டியும் படகுகளும்

இதற்கிடையே ஒரு பொது விடுமுறையன்று, ஜெர்ஜாக் தீவுக்குத் தெற்கே தாயும் குட்டியுமாக இரண்டு கூன்முதுகு டால்பின்களை ஒருவர் பதிந்தார். புள்ளி உடனே வரைபடத்தில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் தூண்டில் படகுக்காரர் ஒருவரிடமிருந்து குரல்பதிவு:

"அண்ணே, உங்க வரைபடத்தைப் பார்த்துட்டுத்தான் எல்லாரும் வந்திருக்காங்க. குட்டி மூச்சு வாங்க மேல வரும்போதெல்லாம் ஒரு படகு போய் நிக்குது. தாய் சுத்திச் சுத்தி வருது. முதல்ல அதை எடுங்க."

இளைஞர் உடனே வரைபடத்தை மூடினார். அன்றிரவே கூடிப் பேசினோம். நேரலை வரைபடம் வேண்டும் என்பவர்கள் வலுவான காரணமே சொன்னார்கள். அமெரிக்காவில் 2012இல் வந்த வேல் அலர்ட் செயலி திமிங்கலம் எங்கே இருக்கிறது என்பதை உடனுக்குடன் காட்டுகிறதே, நாம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

அந்தச் செயலி உருவான காரணத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. வட அட்லாண்டிக்கின் ரைட் திமிங்கலங்கள் 400க்கும் குறைவாகவே மிஞ்சியுள்ளன. அவை சாவதற்கு ஒரு முக்கியக் காரணம் கப்பல் மோதுவது. அங்கே 2008 முதல், குறிப்பிட்ட பருவத்தில் குறிப்பிட்ட பகுதிகளில் 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்கள் மணிக்கு 10 கடல்மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. தகவல் உடனே மாலுமிக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் வேகத்தைக் குறைப்பார். அங்கே தகவல் போகும் கை கப்பலை மெதுவாக்கும் கை. எங்கள் தகவல் போனது விடுமுறைக்கு வாடகைப் படகு எடுத்தவர்களின் கைக்கு. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் சட்டம் அந்த நீரில் இல்லை. உயிரைப் பக்கத்தில் போய்ப் பார்க்கும் ஆசைதான் இருந்தது.

முடிவு இதுதான்: பொது வரைபடத்தில் எந்தப் பதிவும் ஒரு வாரம் கழித்தே வரும், அதுவும் சரியான புள்ளியாக இல்லாமல், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கட்டமாக வரும். பதிந்தவருக்குத் தன் பதிவு உடனே தெரியும். குட்டி இருக்கும் பதிவுகள் பொதுவில் வரவே வராது.

இதற்கு விலை இருந்தது. பலர் செயலியை விட்டுப் போனார்கள். தான் பார்த்ததை ஊருக்கு உடனே காட்டுவதில்தான் அவர்களுக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேசமாட்டேன், அதனால்தான் அவர்கள் கடலைப் பார்க்கவே தொடங்கினார்கள். ஆனாலும் அந்தக் குரல்பதிவைக் கேட்டவர் யாரும் வேறு முடிவு எடுத்திருக்க முடியாது.

கரை ஒதுங்கிய உடல்

தெலுக் கும்பார் பக்கம் ஒரு கடற்பன்றி செத்து ஒதுங்கியிருப்பதை இரவில் ஒருவர் செயலியில் பதிந்தார். அங்கே லைன் இல்லை. பதிவு காலையில்தான் வந்து சேர்ந்தது. போய்ப் பார்த்தபோது ஏற்றநீர் உடலை இழுத்துப் போயிருந்தது. வலைத் தழும்பு இருந்ததா, வயிற்றில் என்ன இருந்தது, எப்படி இறந்தது, எதுவும் இனித் தெரியாது.

மலேசியாவின் 1985 மீன்வளச் சட்டம் வலையில் சிக்கும் கடல் பாலூட்டி உயிரோடு இருந்தால் உடனே விட்டுவிட வேண்டும், இறந்திருந்தால் மீன்வள அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கரை ஒதுங்கியதையும் அந்தத் துறைக்குச் சொல்வதே முறை. அதனால் 'இறந்த அல்லது கரை ஒதுங்கிய உயிர்' என்பதைப் படிவமாக வைக்காமல், அமுக்கினால் மீன்வளத் துறைக்குத் தொலைபேசி அழைப்பு போகும்படி மாற்றினோம். கூடவே சில வரிகள்: வெறுங்கையால் தொடாதீர்கள், நோய் தொற்றலாம். உயிரோடு இருந்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், உடலை ஈரமாகவும் நிழலிலும் வையுங்கள், தலைமேல் இருக்கும் மூச்சுத் துளையில் தண்ணீரோ மணலோ போகாமல் பாருங்கள். படிவம் அழைப்புக்கு அப்புறம்.

அதன் பிறகு

செயலியைப் பயன்படுத்துவோர் வெகுவாகக் குறைந்தார்கள். மிஞ்சியவர்கள் நேரம் வைத்துப் பார்ப்பவர்கள். சுமத்ரா புயல்காற்று விடியற்காலையில் அடிக்கும் மாதங்களிலும், மழை விட்டதும் வந்து உட்காருகிறவர்கள். மேற்குக் கரையின் தூண்டில் படகுக்காரர்கள் சிலர் இப்போது கடலுக்குப் போகும்போது 'தொடங்குகிறேன்' அமுக்கிவிட்டுப் போகிறார்கள். வெறுமையாக இருந்த பக்கத்தில் இப்போது 'இல்லை'களும் சில 'மூன்று முதுகு'களும் சேர்ந்திருக்கின்றன.

ஆய்வு மாணவி பதிவுகளை இரண்டாகப் பிரித்தார். பழைய பதிப்பில் வந்தவை, படம் தெளிவாக இருந்தால், இந்த இனம் இந்தப் பகுதியில் தென்பட்டது என்று சொல்ல மட்டும் உதவும். நேரம் வைத்துப் பார்த்த பதிவுகளை மட்டுமே ஒப்பீட்டுக்கு எடுக்கிறார். பார்த்த மணி நேரத்தால் வகுத்ததும் விடுமுறை நாட்களின் எகிறல் அடங்கிவிட்டது. கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல இன்னும் சில ஆண்டுகளின் பதிவு வேண்டும் என்கிறார். குழு அதை ஏற்றுக்கொண்டது. அவசரப்பட்டு "டால்பின் குறைந்துவிட்டது" என்று சுவரொட்டி அடிக்கச் சொன்னவர்களுக்கும் இதையே சொன்னோம்.

பெரியவர் இன்றும் 555 புத்தகத்தில்தான் எழுதுகிறார். வாரக் கடைசியில் பேத்தி அதைச் செயலியில் ஏற்றுகிறாள். கண் கொஞ்சம் மங்கியிருப்பதாக அவரே சொல்லி, அதையும் பதிவில் குறிக்கச் சொன்னார். குறித்திருக்கிறோம்.

மறுபடி தொடங்கினால்

முதலில் ஒரு முழுப் பருவம் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அப்புறம் செயலி எழுதலாம். எதைக் கேட்க வேண்டும் என்பது தாளில் தெரிந்துவிடும். தாளைத் திருத்துவது செலவில்லாத வேலை. ஆய்வாளரை முதல் நாளே உட்கார வைக்க வேண்டும். அவருக்கு என்ன கணக்கு வேண்டும் என்று தெரிந்திருந்தால் தொடக்கத்தின் பதிவுகள் பாதிப் பயனோடு நின்றிருக்காது.

பொது வரைபடத்தைத் தாமதத்தோடேதான் திறக்க வேண்டும். முதலில் நேரலையாகக் கொடுத்துவிட்டுப் பிறகு பறிப்பது, முதலிலேயே கொடுக்காமல் இருப்பதைவிட மனதை அதிகம் புண்படுத்துகிறது.

இன்னும் தீராத விஷயம் ஒன்று. பதிவுகள் இப்போது அந்த இளைஞரின் சொந்தக் கணக்கில், அவர் மாதாமாதம் கட்டும் பணத்தில் இருக்கின்றன. அவர் வேலை மாறினாலோ வெளிநாடு போனாலோ என்ன ஆகும் என்று எழுத்தில் எதுவும் இல்லை. பதிவுகளின் நகலை ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வைப்பது, குட்டி இருக்கும் பதிவுகளை யார் பார்க்கலாம் என்று வரையறுப்பது, செலவைக் குழு பகிர்ந்துகொள்வது ஆகியவற்றுக்கு ஒரு பக்க ஒப்பந்தம் தயாராகி வருகிறது. தொடங்குகிறவர்கள் இதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.